மேப்பிள் ராணியிடம் நான் நீட்டிய பாட்டில்

நெய்வேலிக்காரன்:

அமெரிக்காவுல ஒஹையோ பக்கம் நடக்கிற சார்டன் மேப்பிள் திருவிழாவுக்குப் போனவங்க இங்கே நிறைய பேர் இருப்பீங்க. தியாகராஜ ஆராதனைக்குக் கிளீவ்லாண்ட் வர்றவங்களைக்கூட அந்தப் பக்கம் ஓர் எட்டு கூட்டிப் போறதுதானே. அதனால 1926லேர்ந்து நடக்குது, பான்கேக் வரிசை, அதெல்லாம் விட்டுடறேன். விழாவுக்குன்னு தேர்ந்தெடுக்கிற மேப்பிள் ராணி விஷயம் மட்டும்.

பதினேழு வயசு இருக்கும். கிரீடம், குறுக்கே பட்டை. எல்லாரும் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்தாங்க. என் பொண்ணும் போனை வெச்சுக்கிட்டு சுத்திச் சுத்தி வந்தா. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. வர்ற வழியில ஒரு வீட்டு வாசல்ல மேசை போட்டு சிரப், அதான் மேப்பிள் மரச் சாறைக் காய்ச்சின பாகு, வித்தாங்க, ஒரு பாட்டில் வாங்கியிருந்தேன். "நீதான் ராணியாச்சே, இது எப்படின்னு சொல்லு"ன்னு நீட்டினேன். பட்டை கட்டிக்கிட்டு நிக்கிற பொண்ணுக்கு என்ன தெரியப்போகுதுங்கிற நெனப்பு. சிரிச்சு மழுப்பிடுவான்னு பார்த்தேன்.

மூடியைத் திறந்து, அந்த மூடியிலேயே ஒரு சொட்டு விட்டு நாக்குல வெச்சா. கண்ணை மூடினா. "மொட்டு வாடை இருக்கு"ன்னா. மரம் மொட்டு விட ஆரம்பிச்சப்புறம் இறக்கின சாறாம். பான்கேக்குக்கு வேண்டாம், பீன்ஸ் வேகவைக்கிறப்போ ஊத்துங்கன்னு சொல்லிட்டு, எங்கே வாங்கினீங்கன்னு கேட்டா. சொன்னேன். அப்புறம்தான் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பார்த்தா. மூடியை இறுக்கித் திருகி, ஒழுகினதைத் தன் பட்டையோட ஓரத்துல துடைச்சு, ரெண்டு கையாலயும் திருப்பிக் கொடுத்தா. "இந்த வருஷம் வெயில் சீக்கிரம் வந்துடுச்சு"ன்னா. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து விழா நோட்டீஸைப் புரட்டினா, ராணியோட குடும்பப் பேரும் லேபிள்ல இருந்த பேரும் ஒண்ணு. மூணு வாரமா மனசு கேக்கல.

சித்தங்கேணிப் பெடியன்:

அண்ணை, எனக்கும் ஒண்டு கிடந்து குடையுது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு இஞ்ச கனடாவில, ஒன்ராறியோ புரூஸஸ் மில் மேப்பிள் விழாவுக்குப் போனன். பழைய காலத்து உடுப்போட ஒரு வெள்ளைப் பெடியன் வாளியையும் துளையையும் காட்டி விளங்கப்படுத்திக்கொண்டு நிண்டான். இஞ்ச ஹைஸ்கூல் முடிக்க 40 மணித்தியாலம் சமூக சேவை காட்டவேணும் எல்லோ, அதுக்கு வந்தவன் எண்டு நினைச்சன். 40 லீட்டர் சாறு காய்ச்சினால் 1 லீட்டர் சிரப் எண்டான்.

அம்மா கேட்டா, "சுண்ணாம்பு பூசுறேல்லையோ? புளிச்சுப்போகாதோ?" நான் மொழிபெயர்த்தன். குளிர்தான் காப்பாத்துது, சுணங்காமல் காய்ச்சிப்போடுவம் எண்டான். பிறகு அவன் திருப்பிக் கேக்கத் தொடங்கீட்டான். உங்கட மரத்தில எப்பிடித் துளைக்கிறது? துளைக்கிறேல்ல, பாளையைச் சீவி முட்டி கட்டுறது, காலமையும் பின்னேரமும் ஏறவேணும் எண்டா அம்மா. எவ்வளவு உயரம்? அம்மா பக்கத்து மேப்பிளின்ர உச்சியைக் கையால காட்டினா. பெடியன் தொப்பியைப் பிடிச்சுக்கொண்டு அண்ணாந்து பாத்தபடியே நிண்டான், பின்னால வரிசை நீண்டுகொண்டு போகுது.

கார் ஏறினாப் பிறகு அம்மா சொன்னா, "இதுகளை மேடையில ஏத்தி மரியாதை செய்யினம். எங்கட மரத்தில ஏறினவையின்ர பிள்ளையளை நாங்கள் வாசலுக்குள்ள விட்டனாங்களோ?" நான் றேடியோவைப் போட்டன்.

நலம்விரும்பி63:

பென்சில்வேனியா மையர்ஸ்டேல் விழாவில் ராணி எனக்கு ஒரு குட்டிக் கிண்ணத்தில் கொடுத்தாள். சர்க்கரை வியாதி என்றேன். "அப்படியானால் மோந்து மட்டும் பாருங்கள்" என்றாள். மோந்தேன். மரப்புகையும் வெண்ணெயும் கலந்த அந்த வாசம் இன்னும் போகவில்லை.

நெய்வேலிக்காரர் செய்தது தவறு. தெரியாத இடத்தில் வாங்கக் கூடாது. லேபிளில் மேப்பிள் தவிர வேறெதுவும் எழுதியிருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். பான்கேக் சிரப் என்று மலிவாக விற்பது சோளப் பாகு, நிறம், வாசனை, அவ்வளவே. சிலர் இன்னும் 'கிரேடு பி' என்ற பழைய தரத்தைத் தேடுகிறார்கள்; 2015க்குப் பிறகு கோல்டன், ஆம்பர், டார்க், வெரி டார்க் நாலுமே 'ஏ'தான். கறுப்பாக இருந்தால் மட்டம் என்று நினைக்காதீர்கள், நிறம் கூடக் கூடச் சுவையும் கனக்கும். திறந்த பாட்டில் ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும். இயற்கை என்ற தைரியத்தில் யாரும் அள்ளி ஊற்ற வேண்டாம், மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. சாப்பிட்டால் நடங்கள். நான் தினமும் நடக்கிறேன்.

வெர்மான்ட் வாத்தியார்:

நலம்விரும்பி சார், இங்கே யாரும் சுகரைப் பற்றிக் கேட்கவில்லையே. வாசலில் மேசை போட்டு விற்பவர்களைச் சந்தேகப்படுவதும் நியாயமில்லை, நல்ல சரக்கு பாதி அங்கேதான் கிடைக்கும்.

பெடியனுக்கு ஒரு சின்னத் திருத்தம்: 40 என்பது சும்மா சராசரி. 86ஐச் சாற்றின் இனிப்புச் சதவீதத்தால் வகுங்கள், ஒரு லிட்டர் சிரப்புக்கு எத்தனை லிட்டர் சாறு என்பது வந்துவிடும். 2 சதவீதம் என்றால் 43. இனிப்பு குறைந்த வருஷம் விறகு எரிந்துகொண்டே இருக்கும்.

நெய்வேலிக்காரரே, அந்த மாதிரி ஊர்களில் ஒரே குடும்பப் பெயரில் பத்து வீடு இருக்கும். நோட்டீஸை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஆனால் மொட்டு வாடை வந்த சிரப்பைப் பாட்டிலில் விற்கக் கூடாது, டிரம்மில் அடைத்து ஆலைக்குத்தான் போக வேண்டும். அவள் சொன்னதில் தப்பே இல்லை.

என் பக்கத்து வீட்டுப் பையனும் இப்படி விழாவில் பேசப் போகிறவன்தான். காய்ச்சும் கொட்டகையில் என்னை உட்காரவைத்துப் பேச்சை ஒப்பித்தான். "எங்கள் தாத்தா இந்த மரங்களை" என்று ஆரம்பித்ததும் நுரை தட்டின் விளிம்புவரை பொங்கிவிட்டது. சுண்டைக்காய் அளவு வெண்ணெயைக் கிள்ளிப் போட்டான். நுரை அப்படியே அடங்கியது. "இந்த மரங்களை" என்று விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தான். மீதிப் பேச்சு ஒரு வார்த்தை ஞாபகமில்லை.

நெய்வேலிக்காரன்:

வாத்தியாரே, பத்து வீடு இருக்கலாம். ஆனா பொண்ணு எடுத்த போட்டோவை இன்னிக்குப் பெரிசாக்கிப் பார்த்தேன். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கிற நேரம். லேபிளை உள்ளங்கையால மூடியிருக்கா.

சிரப் முக்கால்வாசி அப்படியே இருக்கு. பீன்ஸ்ல ஒரு தடவை ஊத்தினோம். அவ சொன்ன மாதிரி, அதுக்கு நல்லாத்தான் இருந்தது.