இரும்புச்சத்து மாத்திரையும் காலைத் தேநீரும்

எங்கள் குடும்பக் குழு, டர்பன், தென்னாப்பிரிக்கா

தங்கை, 6:52
அக்கா, இரண்டு மாதமாக இரும்புச்சத்து மாத்திரையை ஒரு நாளும் தவறாமல் விழுங்கி வருகிறேன். ஆனாலும் நேற்று வந்த இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏறவே இல்லை. படியேறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது.

நான், 6:58
மாத்திரையை எதனுடன் விழுங்குகிறாய்?

தங்கை, 7:01
காலைத் தேநீருடன்தான். ஏலக்காய் தட்டிப்போட்டு அம்மா கொதிக்க வைப்பது.

நான், 7:15
சிக்கல் அங்கேயே இருக்கலாம். தேயிலைக்குத் துவர்ப்பைத் தரும் பாலிபீனால்கள் குடலில் இரும்பைப் பற்றிக்கொண்டு கரையாத சேர்மமாகிவிடுவதால், அந்த இரும்பு இரத்தத்தில் சேராமல் அப்படியே வெளியேறிவிடுகிறது. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புக்கும் இதே கதிதான். ஜொகானஸ்பர்க்கின் தாமஸ் பாத்வெல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1975-இலேயே ரொட்டியிலும், சோற்றுடன் உருளைக்கிழங்கு வெங்காய சூப் சேர்ந்த உணவிலும் இதை அளந்து காட்டினார்கள். சமைத்த இரத்தப் புரதத்தில் உள்ள, கறி மீனிலும் இருக்கும் வகை இரும்பை மட்டும் தேநீர் தடுக்கவில்லை. புரட்டாசி முழுவதும் கறி, மீன் தவிர்த்து, சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் நம் வீட்டு வழக்கம் எனக்குக் கவலை தருவது இதனால்தான்.

பெரியப்பா, 7:31
பாலிபீனால் உடலுக்கு நல்லது என்றல்லவா சொல்கிறார்கள்? பாலும் ஊற்றித்தானே குடிக்கிறோம்?

நான், 7:44
பால் ஊற்றினாலும் அந்தத் தடை நீங்குவதில்லை, பெரியப்பா. நல்லது என்பதும் பொய்யல்ல. ஆனால் உண்ணும் பாலிபீனாலில் சிறு பங்கே சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது, அதையும் குடற்சுவரும் கல்லீரலும் உடனே உருமாற்றிவிடுகின்றன. பெரும்பகுதி பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிரிகள் அதைச் சிறு மூலக்கூறுகளாக உடைத்த பிறகே ஓரளவு இரத்தத்தை எட்டுகிறது. அந்த நுண்ணுயிரிகள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், மாதுளையின் பாலிபீனாலை உடைத்து அவை உண்டாக்கும் யூரோலித்தின் என்ற சிறு மூலக்கூறு, மாதுளை தின்ற எல்லோருடைய குடலிலும் உண்டாவதில்லை. ஆகவே தேநீரை விட வேண்டியதில்லை, மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடித்தால் போதும்.

அம்மா, 7:50
அவளுக்குத் தேயிலைக்குப் பதில் ரூய்போஸ் மூலிகைத் தேநீர் போட்டுக் கொடுக்கட்டுமா?

நான், 7:56
கொடுங்கள் அம்மா, அதில் டேனின், அதாவது இரும்பைப் பற்றும் அந்தத் துவர்ப்புப் பாலிபீனால், குறைவு. 1979-இல் நம் நாட்டு மருத்துவ இதழில் வந்த ஆய்வில், தண்ணீருடன் கொடுத்த இரும்பில் 9 விழுக்காட்டுக்குச் சற்று மேலும், ரூய்போஸுடன் 7 விழுக்காட்டுக்குச் சற்று மேலும், சாதாரணத் தேநீருடன் 2 விழுக்காட்டுக்கும் குறைவாகவும்தான் உடலில் சேர்ந்தது. மாத்திரையுடன் ஒரு கொய்யாப்பழம் தின்னட்டும், வைட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவும். தங்கையே, மூச்சு வாங்குவதை மருத்துவரிடம் இன்றே சொல்லிவிடு; வேறு காரணமும் இருக்கக்கூடும்.

தங்கை, 8:03
மாத்திரையை அடுப்படியிலிருந்து எடுத்துப் படுக்கையருகே தண்ணீர்ச் செம்புடன் வைத்துவிட்டேன். நாளை முதல் தேநீர் எட்டரை மணிக்குத்தான்.