வீடியோ காலில் குடும்பம் நடத்துறவங்க, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். சோமனூர்ப் பக்கம் எங்கள் ஊர், வீட்டை ஒட்டியே தறிக்குடோன். 2015இல் துபாய்க்குப் போனேன். அடுத்த வருஷக் கடைசியில் வாட்ஸ்அப்பில் வீடியோ கால் வந்தது. ஊரே பேச, எங்களுக்கு மட்டும் இல்லை. அமீரகத்தில் இணையப் பேச்சுக்கு அரசு அனுமதித்த செயலிகள்தான். அப்புறம் அதிலொன்றை அம்மாவின் போனில் ஏற்றித்தரத் தம்பி கோவையிலிருந்து பஸ் ஏறி வந்தான்.

முதல் வருஷம் முழுக்கத் தறிதான் பேசியது. அம்மாவின் வாய் அசையும், எனக்கு டடக் டடக் மட்டும் கேட்கும். "கரண்ட் போயிருச்சு சாமி, கூப்புடு" என்று வாய்ஸ் மெசேஜ் வரும். நான் வேலையில் இருப்பேன். பிறகு தம்பி புது போன் வாங்கிக் கொடுத்தான். அது இரைச்சலை வடிகட்டிவிடுகிறது. குரல் அவ்வளவு தெளிவு. ஒருநாள் அம்மா தறிக்குப் பக்கத்திலேயே போய் நின்று, "எட்டுத் தறியும் ஓடுது, கேக்குதா கண்ணு?" என்றார். துளிகூடக் கேட்கவில்லை. "கேக்குதுங்கம்மா" என்று சொல்லிவைத்தேன்.

திருப்பூரிலிருந்து:
நமக்கு இது பிழைப்புங்க. பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர் கொடுக்கிற பையரிடம் பேசி முடிக்கிற வேலை. முன்னெல்லாம் பையர் ஆட்கள் நேரில் வருவார்கள். 2020க்கு அப்புறம் சாம்பிளைக் கேமராவுக்கு முன்னால் பிடித்தால் போதும், தையல், அளவு எல்லாம் பேசி முடிந்துவிடும். ஷேடு மட்டும் ஆகவே ஆகாது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் கேமரா தன் இஷ்டத்துக்கு நிறத்தைத் திருத்திக்கொள்ளும். நான் காட்டிய மெரூன் அவர்கள் திரையில் செங்கல்! வாதாடி வாதாடி, ஜூம் இலவசக் கணக்கின் 40 நிமிஷம் தீர்ந்து கட்டானதுதான் மிச்சம். கடைசியில் லேப் டிப்பை (சாயம் ஏற்றிய மாதிரித் துணித்துண்டு) கூரியரில் அனுப்பி, லைட் பாக்ஸில் (நிறம் பார்ப்பதற்கென்றே சீரான வெளிச்சம் உள்ள பெட்டி) வைத்துப் பார்த்தபிறகுதான் ஓகே வந்தது.

கோபிப் பக்கம்:
2020 ஏப்ரல். பெரியப்பா தவறிவிட்டார். அண்ணன் அமெரிக்காவில், விமானம் கிடையாது. எழவுக்கு 20 பேருக்கு மேல் கூடக்கூடாது என்றிருந்த நேரம். போன் பிடிக்கும் வேலை எனக்கு வந்தது. வீட்டுக்குள் சிக்னல் இல்லை, வாசல் வேப்ப மரத்தடியில்தான் இரண்டு கோடு. அங்கேயே நின்று, திரையில் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். படம் நின்று நின்று போனது.

"கொஞ்சம் கிட்டத்துல போ தம்பி, அப்பா மூஞ்சி தெரியல" என்றார்.

போனேன். லைன் அறுந்துவிட்டது.