மறு: பத்திக் – எழுதினது, ஒத்தினது, அடிச்சது: மூணுக்கும் ஒரே பேர் வச்சா எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம்.

பத்திக்னா மெழுகு போட்ட எடத்துல சாயம் ஏறாம விட்டு வடிவம் எடுக்கற ஜாவாத் துணி. அதுக்கு நம்ம குழுவுல தமிழ்ப்பேர் "மெழுகோவியத்துணி"யா "மெழுகுச்சாயத்துணி"யான்னு ஒரு வாரமா ஓடிட்டு இருக்கு. என்னைக் கேட்டா அந்தப் பேர்ல கையே வைக்க வேணாம், அது ஜாவாக்காரங்க சொத்து, நாம இட்லிய இட்லின்னே சொல்லச் சொல்றோம்ல அதே மாதிரி. சொல் பத்தாம இருக்கறது வேற எடத்துல. நான் அதுல காசு விட்டுட்டு வந்து பேசறேன்.

போன மாசம் இந்தோனேசியால ஜாவாத் தீவுல இருக்கற ஜோக்ஜகார்த்தா போயிருந்தேன். மாலியோபோரோ ரோட்டுல நடந்தா பத்தடிக்கு ஒருத்தர் வந்து "ஓவிய மாணவர்கள் கண்காட்சி, இன்னிக்குக் கடைசி நாள்"னு கையப் புடிச்சு இழுப்பாரு (அந்தக் கடைசி நாள் வருசம் பூரா வரும்), அதுலேர்ந்து தப்பிச்சு பெரிங்ஹார்ஜோ சந்தைக்குள்ள போனா முன்பக்கம் முழுக்க பத்திக்தான், கழுத்து வரைக்கும் அடுக்கி வச்சிருக்காங்க. கடைக்காரம்மா கேட்ட முதல் கேள்வி, "துலிஸ்? சாப்? பிரிண்டிங்?"

துலிஸ்னா சாந்திங்ங்கற செம்பு மூக்கு வச்ச சின்னக் கருவில உருக்கின மெழுக மொண்டு கோடு கோடா போடறது, ஒரு துணிக்கு வாரக்கணக்கும் ஆகும் மாசக்கணக்கும் ஆகும். சாப்னா செம்புத் தகட்ட வளைச்சு செஞ்ச அச்ச சூடான மெழுகுல தோய்ச்சு துணில வச்சு வச்சு எடுக்கறது, 19ஆம் நூற்றாண்டு நடுவுல வந்த வேலை. பிரிண்டிங்ல மெழுகே கிடையாது, சாயத்த நேரா துணில அடிச்சுடறாங்க. துலிஸ் வெலைக்கும் பிரிண்டிங் வெலைக்கும் சில சமயம் நூறு மடங்கு வித்தியாசம்.

அங்கேர்ந்து அம்மாவுக்கு போன் போட்டேன். "ரெண்டு வெலை சொல்றாங்கம்மா, அச்சு வாங்கட்டுமா?"ன்னேன். "எந்த அச்சுடா, கட்டை அச்சா மிஷின் அச்சா?"ன்னாங்க. எனக்குப் பதில் சொல்ல வரல. நமக்கு சாப்பும் அச்சு, பிரிண்டிங்கும் அச்சு! கடைசில வேற ஒரு கடைல சாப்னு சொல்லிக் கொடுத்த, பரங்ங்கற சாய்வரி வடிவம் போட்ட சேலைத்துணிய சாப் வெலைக்கே வாங்கிட்டு ரூமுக்கு வந்து திருப்பிப் பாத்தா பின்பக்கம் வெளிறிப்போய், வெள்ளைத்துணில பால் சிந்தின மாதிரி கெடக்கு. சாயம் மேல்பக்கம் மட்டும்தான், அப்ப பிரிண்டிங். ஏமாத்தினவன் ஏமாத்தினான், ஆனா சரியாக் கேக்க எங்கிட்ட சொல்லும் இல்லையே.

அதனால என் முன்மொழிவு: துலிஸுக்கு "எழுத்துப் பத்திக்". துலிஸ்னாலே அவங்க மொழில எழுதறதுதான். சாப்புக்கு "முத்திரைப் பத்திக்". பிரிண்டிங்குக்கு நீங்க சொல்லுங்க.

—

அண்ணை, வணக்கம். யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதிறன். இஞ்ச நாங்கள் பத்திக் எண்டுதான் சொல்லுறம், அதில எனக்கும் பிரச்சினை இல்லை. ஆனா "எழுத்துப் பத்திக்" எண்டா ஆரும் துணியில கவிதை எழுதிக் கிடக்கு எண்டுதான் நினைப்பினம். முத்திரை எண்டாலும் தபால் கந்தோர்தான் ஞாபகம் வருது.

இன்னுமொண்டு. இஞ்ச பத்திக்கில மெழுகு வெடிச்சு சாயம் உள்ள இறங்கி நரம்பு நரம்பா ஓடுமே, அதை வச்சுத்தான் அசல் எண்டு சனம் வாங்குறது. ஜாவாவில அப்பிடிப் பாத்து வாங்கினா சரியே? அதுக்கும் ஒரு சொல் வேணும்.

—

தம்பிகளுக்கு. எழுத்து என்று பெயராக வைத்ததால்தான் இடறுது. வினைத்தொகையா வச்சுப் பாருங்க: எழுதுபத்திக். எழுதிய, எழுதுகின்ற, எழுதும், மூணு காலமும் உள்ளே அடங்கும், மாசக்கணக்குல எழுதற துணிக்குப் பொருத்தமும்கூட. எழுதறதுன்னா எழுத்து மட்டும்தான்னு நெனைக்கறது இப்ப வந்த பழக்கம், ஓவியம் எழுதினாங்க, கண்ணுக்கு மை எழுதினாங்க, சங்கப் பாட்டுல தோள்லயும் மார்புலயும் தொய்யில்ங்கற கோலம் எழுதினாங்க. ஜாவாக்காரன் துலிஸ்னு சொல்ற இடத்துல நமக்கு சொல் தயாராவே இருக்கு, கடன் வாங்க வேண்டியதில்ல.

சாப்புக்கு ஒற்றுபத்திக். ஒற்றறதுன்னா அழுத்தி எடுக்கறது, ஒத்தடம் அங்கேர்ந்து வந்ததுதான். சூடான மெழுகத் துணில ஒத்தி எடுக்கறானே, அதேதான். அச்சுங்கற சொல்ல இந்தப் பக்கமே விடாதீங்க, குழப்பம் பூரா அதனாலதான்.

—

ஐயா, ஒற்றுபத்திக் அட்டகாசம். ஒரே பயம், உளவுத்துறைப் பத்திக்னு யாராவது கிளம்பப் போறாங்க. பேசறப்ப "ஒத்துபத்திக்"னே சொல்லிக்கலாம். முத்திரைய வாபஸ் வாங்கிக்கறேன்.

யாழ்ப்பாணத் தம்பிக்கு: அந்த வெடிப்பு நரம்ப அங்க ரெமுக்கான்னு சொல்வாங்க. ஆனா ஜாவால சோலோ, ஜோக்ஜகார்த்தா ஊர்களோட பழைய பாணித் துணில அது தெரிஞ்சா வேலை சரியில்லன்னு அர்த்தம். மெழுகு வெடிக்காம இருக்கத்தான் தேன்மெழுகு, பாரஃபின், பைன் மர பிசின்னு பாத்துப் பாத்துக் கலக்கறாங்க. நாம அழகுன்னு தேடறத அவங்க குறைன்னு ஒதுக்கறாங்க, அதனால "மெழுகுவெடிப்பு"ன்னு நேராவே வச்சுடலாம், அழகா குறையான்னு சொல் முடிவு பண்ண வேணாம்.

வாங்கறவங்களுக்கு ஒண்ணு சேத்துக்கறேன். எழுதுபத்திக்ல நல்லதா இருந்தா துணியத் திருப்பி பின்பக்கமும் மெழுகு எழுதுவாங்க, அதுக்கு நெருசின்னு தனிப்பேர், அதனால ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பளிச்னு இருக்கும். ஒரே பூவ நாலு எடத்துல பாருங்க, புள்ளி எண்ணிக்கை மாறும். ஒத்துபத்திக்ல பூ மாறாது, ஆனா அச்சும் அச்சும் சேர்ற எடத்துல கோடு கொஞ்சம் தடுமாறும், அதத் தேடுங்க. பின்பக்கச் சோதனைய மட்டும் நம்பாதீங்க, இப்ப ஸ்கிரீன் வச்சு குளிர்மெழுகு (சூடாக்காத மெழுகுப்பசை) அடிச்சு ரெண்டு பக்கமும் சாயம் ஏத்தற வேலையும் நடக்குது.

பிரிண்டிங் வகைக்கு இன்னும் பேர் வரல பாருங்க. இந்தோனேசியாக்காரங்க தரநிர்ணயத்துல சூடான மெழுகும் சாந்திங்கோ சாப்போ இருந்தாத்தான் பத்திக்னு எழுதி வச்சிருக்காங்க, மத்ததெல்லாம் "பத்திக் வடிவத் துணி", பத்திக் இல்ல. 2009 அக்டோபர் 2ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறினதும் அந்தக் கைவேலைதான். அதனால நாமளும் "அச்சுப்பத்திக்"னு சொல்லி அதுக்கு பத்திக் பட்டம் கொடுக்கக் கூடாது.

—

அண்ணை, அப்ப "பத்திக்மாதிரி"! மாதிரி எண்டா வடிவமும் ஆச்சு, பத்திக் போல எண்டும் ஆச்சு.

—

தம்பி, எடுத்துக்கறேன். கடைல நின்னு சொல்லிப் பாத்தேன், "இது பத்திக் இல்லம்மா, பத்திக்மாதிரி", நாக்குல ஒட்டுது.

கடைசியா ஒண்ணு, அங்க மொத்த வியாபாரத்துல 20 உருப்படிக்கு ஒரு "கோடி"ன்னு கணக்கு. உடனே கோடித்துணி கோடித்துணின்னு யாரும் வேர் தேடக் கிளம்பிடாதீங்க, மொதல்ல இந்த நாலையும் சொற்பட்டியல்ல ஏத்துவோம்: எழுதுபத்திக், ஒற்றுபத்திக், பத்திக்மாதிரி, மெழுகுவெடிப்பு. சாந்திங் சாந்திங்காவே இருக்கட்டும். மெழுகெழுதின்னு யாரோ ஒருத்தர் சொல்லிருந்தீங்க, அத மூணு தடவ வேகமா சொல்லிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.