பத்தமடைப் பாய்க்கு இணையதளம்: ஒப்பந்தத்தில் எதையெல்லாம் எழுதிக்கொள்வது?

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் குடும்பம் பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறது. கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையும் நெய்து தருகிறோம். அந்த ஆர்டர்களை நேரடியாக வாங்க ஓர் இணையதளம் அமைக்கிறோம். திருநெல்வேலியில் கெட்டிக்கார டெவலப்பர் ஒருவர் கிடைத்திருக்கிறார்.

இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளே போதும் என்கிறார். நாளை வேறொருவரும் பராமரிக்கலாம் என்பதால் எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. ஆனால் இணையதள முகவரியான டொமைனைத் தன் பெயரில் பதிவுசெய்வதாகச் சொல்கிறார். அதில் எனக்குச் சம்மதமில்லை. டொமைனும், தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் ஹோஸ்டிங் கணக்கும் எங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும். இதை அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? பணத்தை எந்தெந்தக் கட்டத்தில் கொடுப்பது?

இன்னொன்று: வாடிக்கையாளர் தமிழில் தட்டச்சு செய்யும் பெயரை, நெய்வதற்கு முன் அவரே சரிபார்த்து ஒப்புதல் தரும் வசதி வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் பாயே வீண். இப்படிச் செய்து பார்த்தவர்கள் வழி சொல்லுங்கள்; ஒப்பந்த மாதிரி இருந்தால் பகிருங்கள்.