புதுப்பிப்பு: போட்டியா, ஆராய்ச்சியா என்று குழம்பியிருந்தேனே, அந்தக் கதை

இரண்டாம் ஆண்டு கணினி அறிவியல் படிக்கிறேன், ஐசிபிசி என்ற, கல்லூரி அணிகளுக்கான நிரலெழுதும் போட்டிக்குத் தயாராவதா, பேராசிரியர் யாரிடமாவது ஆராய்ச்சியில் ஒட்டிக்கொள்வதா என்று போன பருவத்தில் இங்கே கேட்டிருந்தேன். கடைசியில் இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டேன்.

முதலில் 11 பேராசிரியர்களுக்கு ஒரே மாதிரி மின்னஞ்சல். ஒரு பதிலும் இல்லை. அப்புறம் இங்கே ஒருவர் சொன்னபடி, ஒரே ஒரு பேராசிரியரின் கட்டுரையை உட்கார்ந்து படித்து, அதன் நிரலை என் மடிக்கணினியில் ஓட்டி, ரேண்டம் சீடை (தற்செயல் எண்களை உருவாக்க நிரலுக்குக் கொடுக்கும் தொடக்க எண்ணை) மாற்றினால் முடிவு ஏன் இவ்வளவு ஆடுகிறது என்று கேட்டு எழுதினேன். அன்று மாலையே வரச் சொன்னார். இப்போது செய்வது பெரும்பாலும் தரவைச் சுத்தம் செய்யும் வேலைதான், பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, ஆனாலும் பிடித்திருக்கிறது.

ஐசிபிசியில் 3 பேருக்கு ஒரே கணினி, 5 மணி நேரம். விசைப்பலகை கைக்கு வரும்வரை காகிதத்தில் பிழை தேடப் பழகியதுதான் எனக்கு லாபம். தகுதிச் சுற்றிலேயே வெளியேறிவிட்டோம், சரி.

கூகுள் சம்மர் ஆஃப் கோட் (ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களுக்கு நிரல் எழுதப் புதியவர்களைச் சேர்க்கும் கூகுளின் நிகழ்ச்சி) பற்றிக் கேட்டவர்களுக்கு: 2022 முதல் அது மாணவர்களுக்கு மட்டுமானது இல்லை. விண்ணப்பிக்கும் முன்பே, நீங்கள் வேலை செய்ய விரும்பும் மென்பொருளில் சின்னப் பிழை ஒன்றையாவது திருத்திக் கொடுங்கள்.