உதவித்தொகை மட்டுமே வருமானம்: பார்வையற்ற நான் முதல் கிரெடிட் கார்டு பெறுவது எப்படி?

கேள்வி – திருச்சி வாசகி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 26. பிறவியிலேயே பார்வை இல்லை. பி.ஏ. தமிழ் முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். தமிழக அரசு மாதந்தோறும் வழங்கும் 1,500 ரூபாய் மாற்றுத்திறனாளி உதவித்தொகையைத் தவிர என் பெயரில் வேறு வருமானம் இல்லை. அம்மாவுடன் வசிப்பதால் மூன்று ஆண்டுகளில் அதிலிருந்தே 28,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். இன்னும் இரண்டு ஆண்டுகளில் ஒலிப்பதிவுத் தொழில் தொடங்கக் கடன் கேட்கும் எண்ணம் உண்டு. அப்போது என் பெயரில் ஒழுங்கான கடன் வரலாறு இருக்க வேண்டும் என்பதற்காகவே இப்போது கார்டு கேட்கிறேன்.

சென்ற மாதம் வங்கிக்குச் சென்றபோது, விண்ணப்பித்தவள் நானாக இருந்தும், அதிகாரி அம்மாவைப் பார்த்தே பேசினார். "கண்ணு தெரியாதவங்களுக்குக் கார்டு கொடுக்கிறதில்லைம்மா. வருமானமும் இல்லை, எதுக்கு இதெல்லாம்?" என்றார். நான் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் பதில் அம்மாவுக்குத்தான் போயிற்று. மறுநாள் தொலைபேசியில் அழைத்த முகவர் ஒருவர், தையல் கடை நடத்தி மாதம் 25,000 ரூபாய் சம்பாதிப்பதாக எழுதிக்கொடுத்தால் கார்டு வாங்கித் தருவதாகச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். நேர்மையான வழி ஏதேனும் இருக்கிறதா?

மறுமொழி – ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

சகோதரி, முகவர் சொன்னதை நீங்கள் மறுத்தது மிகச் சரி. பொய்யான வருமானம் எழுதிய விண்ணப்பத்தில் கையெழுத்தோ கைரேகையோ உங்களுடையதாகத்தான் இருக்கும். சிக்கல் வரும் நாளில் அந்த முகவர் அருகில் இருக்க மாட்டார்.

அதிகாரி சொன்ன இரண்டு காரணங்களையும் பிரித்துப் பாருங்கள். பார்வையின்மையைக் காட்டி மறுப்பது தவறு. காசோலை, ஏ.டி.எம்., இணைய வங்கிச் சேவை, பெட்டகம், சில்லறைக் கடன், கிரெடிட் கார்டு ஆகிய எல்லா வசதிகளையும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பாகுபாடின்றி வழங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2008 ஜூன் மாதமே எல்லா வங்கிகளுக்கும் அறிவுறுத்திவிட்டது. வருமானம் போதாது என்று மறுப்பது மட்டும் வங்கியின் உரிமைக்குள் வருகிறது. ஆனால் விண்ணப்பத்தை நிராகரித்தால் அதற்கான முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று கிரெடிட் கார்டுகள் குறித்த ரிசர்வ் வங்கி வழிகாட்டுதல் சொல்கிறது. வாய்வார்த்தையோடு திரும்பி வராதீர்கள். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்குங்கள். வங்கியிடம் புகார் அளித்து 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். விவரங்களுக்கு 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.

வருமானச் சிக்கலுக்கு வழி, வைப்புத்தொகையை ஈடாக வைத்துப் பெறும் கார்டு. எஃப்.டி. கார்டு என்று கேட்டால் கிளையில் புரிந்துகொள்வார்கள். இதற்குப் பொதுவாகச் சம்பளச் சான்று கேட்பதில்லை. பல வங்கிகளில் வைப்புத்தொகையில் 80 முதல் 90 சதவீதம் வரை கார்டில் செலவு செய்யும் வரம்பு கிடைக்கும். வைப்புத்தொகைக்கு வட்டியும் தொடர்ந்து சேரும். ஆனால் கார்டை மூடும்வரை அந்தப் பணத்தைத் தொட முடியாது. ஆகையால் 28,000 ரூபாயையும் முடக்கிவிடாதீர்கள். 20,000 போட்டால் ஏறத்தாழ 16,000 ரூபாய் வரம்பு கிடைக்கும். மீதி 8,000 மருந்துக்கும் அவசரத்துக்கும் கையில் இருக்கட்டும். குறைந்தபட்ச வைப்புத்தொகை வங்கிக்கு வங்கி மாறுவதால் இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். ஆண்டுக்கட்டணம் இல்லாத கார்டாகவும் இருக்க வேண்டும். 500 ரூபாய்க் கட்டணம் என்றாலே உங்கள் ஒரு மாத உதவித்தொகையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

மறுமொழி – மதுரை ஆசிரியர்

தங்கையே, எனக்கும் பார்வை இல்லை. நான்கு ஆண்டுகளாகக் கார்டு வைத்திருக்கிறேன். அன்றாடப் புழக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ரூபே கார்டாக வாங்குங்கள். அதை யு.பி.ஐ. செயலியில் இணைத்துவிட்டால், கடையில் கார்டை இன்னொருவர் கையில் கொடுக்காமலே தொலைபேசியில் பணம் செலுத்தலாம். ரகசிய எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டிய தேவையே வராது. மாதாந்திரப் பட்டியலை மின்னஞ்சலில் கேளுங்கள். திரைவாசிப்பான் அதைப் படித்துக்காட்டும். ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. நான் பயன்படுத்தும் செயலியில் பணம் செலுத்தும் பக்கத்தைத் திறந்ததும் 'குறைந்தபட்சத் தொகை' என்பதைத்தான் திரைவாசிப்பான் முதலில் வாசிக்கிறது. அடுத்து விரலை நகர்த்தினால்தான் 'மொத்தத் தொகை' கேட்கிறது. முதல் மாதம் நான் முன்னதையே அழுத்திவிட்டேன். அன்று மாலையே ஐயம் வந்து மீதியைக் கட்டியதால் வட்டியிலிருந்து தப்பித்தேன்.

உதவித்தொகை வரவு வைக்கப்படும் தேதிக்குப் பிறகே கட்டவேண்டிய கடைசி நாள் வரும்படி பில் தேதியை மாற்றிக் கேளுங்கள். ஒருமுறையாவது அதை மாற்றிக்கொள்ளும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு.

மறுமொழி – சேலம் நண்பர்

எனக்குப் போலியோவால் கால் பாதிப்பு. நான் அந்தக் குறைந்தபட்சத் தொகையை மட்டுமே கட்டி இரண்டு ஆண்டுகள் அவதிப்பட்டவன் என்பதால் கணக்கை எழுதிக் காட்டுகிறேன். பாக்கி 10,000 ரூபாய் என்று வையுங்கள். குறைந்தபட்சம் 5 சதவீதம், அதாவது 500 ரூபாய் கட்டினால் போதும் என்பார்கள். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 350 ரூபாய்; அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 63 ரூபாய். ஆக, கட்டிய 500 இல் 413 ரூபாய் வட்டிக்கும் வரிக்குமே போய், அசலில் 87 ரூபாய்தான் குறைகிறது. பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். ஏ.டி.எம்.மில் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுப்பதை அறவே தவிர்த்துவிடுங்கள். அதற்கு முதல் நாளிலிருந்தே வட்டி, கூடவே கட்டணமும் உண்டு.

மாதம் 300 ரூபாய்க்குத் தொலைபேசி ரீசார்ஜ் மட்டும் கார்டில் செய்து முழுவதையும் கட்டிவந்தாலே கடன் வரலாறு உருவாகிவிடும். கடன் வரலாற்றைப் பதிவுசெய்யும் சிபில் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று வேறொரு வங்கியின் கிளைக்கு அம்மாவுடன் சென்றேன். எஃப்.டி. கார்டு என்றதும் அங்கிருந்த அம்மையார் படிவத்தை வரிவரியாக என்னிடமே வாசித்துக்காட்டினார். 20,000 ரூபாயை வைப்பில் போட்டுவிட்டேன். வருமானம் என்ற இடத்தில் 'மாற்றுத்திறனாளி உதவித்தொகை, மாதம் 1,500' என்றே எழுதச் சொன்னேன். அவரும் அப்படியே எழுதினார். மதுரை ஐயா, ரூபே கார்டுதான் கேட்டிருக்கிறேன். வந்ததும் யு.பி.ஐ.யில் இணைக்கும்போது ஐயம் ஏற்பட்டால் இங்கேயே கேட்கிறேன்.