கடலரிப்புக்கு எதிராக வாழ்வுரிமையின் பெயரால் அரசின் மீது வழக்குத் தொடுக்க முடியுமா?

அலைவாய்க்கரை (வள்ளவிளை):
எங்கள் வீட்டின் கடல் பக்கம் நின்ற தென்னைகளில் மிஞ்சியிருப்பது ஒன்றுதான். அதன் வேரும் பாதி வெளியே தொங்குகிறது. காற்றே இல்லாத நாளிலும் கள்ளக்கடல் (முன்னறிகுறியின்றித் தொலைவிலிருந்து வரும் பேரலை) ஏறி வந்து முற்றத்தில் மண்ணை வாரிக் கொட்டிவிட்டுப் போகிறது. காலநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து காக்கப்படுவதும் அரசமைப்புச் சட்டத்தின் 14, 21 ஆகிய பிரிவுகளில் அடங்கிய உரிமையே என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அதை வைத்து வழக்குத் தொடுக்கலாமா? தனி ஆளாகப் போவதா, ஊராகப் போவதா?

நாஞ்சில் வழக்குரைஞர்:
உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் பிரிவின் கீழ் நீதிப்பேராணை (ரிட்) மனு தொடுக்கலாம். ஆனால் அந்த ஒரு தீர்ப்பையே நம்பிப் போகாதீர்கள். அது கானமயில்கள் மின்கம்பிகளில் மோதிச் சாவதைப் பற்றிய வழக்கு. சூரிய மின் திட்டங்களுக்கு இடையூறாக இருந்த 2021ஆம் ஆண்டின் ஆணையைத் தளர்த்தும்போதுதான் நீதிமன்றம் இந்த உரிமையை எடுத்துரைத்தது. ஊராகப் போவதே நல்லது. சுவிட்சர்லாந்தின் மூத்த பெண்கள் தொடுத்த வழக்கில், 2024 ஏப்ரல் 9 அன்று, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் நான்கு தனிநபர்களின் மனுக்களை ஏற்க மறுத்து, அவர்களுடைய சங்கத்தின் மனுவை ஏற்று, அரசு உரிமையை மீறியதாகத் தீர்ப்பளித்தது.

மணலோட்டம் (குளச்சல்):
ஒரு சந்தேகம். துறைமுக அலைத்தடுப்புச் சுவரும் தூண்டில் வளைவும் (கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பு) கரையோர மணலோட்டத்தை மறிப்பதால் ஓர் ஊரில் மணல் சேர்ந்து அடுத்த ஊரில் கரை கரைவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். ‘இதற்குக் காலநிலை காரணமல்ல’ என்று அரசுத் தரப்பு சொன்னால் என்ன செய்வீர்கள்?

நாஞ்சில் வழக்குரைஞர்:
சொல்லட்டும், அது நமக்குத்தான் உதவும். அந்தச் சுவரைக் கட்டியதும் அரசுதானே. 1990ஆம் ஆண்டை ஒப்பிட 2020க்குள் பசுங்குடில் வாயு உமிழ்வை அரசு 25 விழுக்காடாவது குறைக்க வேண்டும் என்ற ஆணையை நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம் 2019இல் உறுதிசெய்தது. உங்கள் வழக்கு அந்த வகையல்ல. நீங்கள் கேட்பது பாதுகாப்பு. அதற்கு நெருங்கிய முன்னுதாரணம் ஆஸ்திரேலியாவின் டோரஸ் நீரிணைத் தீவினருடைய வழக்கு: உரிய காலத்தில் போதிய பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யாததால் ஆஸ்திரேலியா அவர்களுடைய இல்லத்துக்கும் பண்பாட்டுக்குமான உரிமைகளை மீறியது என்று 2022இல் ஐ.நா. மனித உரிமைக் குழு முடிவு செய்தது. கவனியுங்கள், வாழ்வுரிமை மீறப்பட்டதாக அக்குழு ஏற்கவில்லை. தனிநபர் முறையீட்டுக்கான நெறிமுறையில் இந்தியா சேராததால் நாம் அங்கே போக முடியாது. மதுரையில் எடுத்துக்காட்டலாம், அவ்வளவுதான்.

கொல்லங்கோட்டு ஆசிரியை:
சட்டத்தை விடச் சான்றுதான் கடினம். 2017இல் ஒக்கிப் புயல் வந்தபோது எச்சரிக்கை கரைக்கு எட்டுவதற்குள் தங்குகடலுக்குப் (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க) போனவர்கள் வெகுதூரம் போயிருந்தார்கள். எந்த நாள் எந்த நேரத்தில் யார் என்ன சொன்னார் என்பதை எழுதிவைக்காததால் பின்னர் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். குருசடிக் கொடிமரத்திலிருந்து கரை வரை மாதம் ஒருமுறை நாடா பிடித்து அளந்து, தேதியிட்ட படத்துடன் பதிவு செய்யுங்கள்.

அலைவாய்க்கரை:
நன்றி. பங்குப்பேரவையின் அலமாரியில் பழைய மனுக்களின் நகல்கள் ஒரு கட்டு இருக்கின்றன. பலவற்றில் பெறுகை முத்திரை இல்லை. முத்திரை உள்ளவற்றை மட்டும் முதலில் பிரித்தெடுக்கிறேன். அளவெடுப்பை இந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தொடங்குகிறோம்.